திரும்பி வந்தவர்களின் புத்தகங்கள்

மாதா துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
16 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சி பிளாரன்ஸுக்கு,

அண்ணன் ரோச் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் இடுப்பு என்ன சொல்கிறது? பிளேட் வைத்த இடத்தில் குளிருக்கு வலிக்கும் என்கிறார்கள். மெட்ராஸில் குளிர் ஏது என்று நீ கேட்பாய். சரி, வலியாவது இருக்கிறதா இல்லையா என்று எழுது.

நீ அனுப்பிய இரண்டு புத்தகமும் பொங்கலுக்கு முந்தின வாரமே வந்து சேர்ந்தன. தபால்காரர் சங்கரலிங்கம் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜன்னல் வழியாக என் மடியிலேயே போட்டுவிட்டுப் போனார். ஆயுசில் பாதியைத் தோணி எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தவன் காதுக்குக் கதவுச் சத்தம் எம்மாத்திரம்? போன் என்பது எனக்குச் சட்டைப்பையில் குலுங்குகிற ஒரு டப்பா, அவ்வளவுதான். ஊரே வாட்ஸ்அப்பில் பேசினாலும் நீயும் நானும் கடைசிவரை தாளும் பேனாவும்தான்.

மஞ்சள் அட்டைத் துப்பறியும் கதையை ஒரே நாளில் முடித்தேன். கொன்றது டாக்டர்தான் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். கொட்டுகிற மழையில் நடந்தே வந்தேன் என்கிறார், மனுஷனுடைய செருப்பு நனையவில்லை. எழுதியவர் அதை இன்னும் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கலாம்.

ஆனால் நீர்மூழ்கிக் கப்பல் புத்தகம் இருக்கிறதே, அதுதான் புத்தகம்! இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் கடலில் நடந்த வேட்டை. ஒரு பக்கத்தில் இரண்டு சரக்குக் கப்பல், மறுபக்கத்தில் ஐந்து என்று மூழ்கிக்கொண்டே போகிறது. மருமகள் ஏஞ்சலின் சாப்பிடக் கூப்பிட்டுக் கை காட்டினால்கூட எழுந்திருக்க மனசு வரவில்லை. அப்படி ஒரு ருசி.

அனிஷ் லீவு முடிந்து அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறான். என் மகனாகப் பிறந்து ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை. நேற்று நான் படிப்பதைப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து குந்தி உட்கார்ந்து, உதட்டை நன்றாக அசைத்து, "எப்பா, நீங்க படிக்கியது பூரா முடிஞ்சுபோன சண்டை. யாரு ஜெயிச்சாம்னு ஊருக்கே தெரியும். அதப் போயி இப்பிடி மூச்சப் புடிச்சிக்கிட்டுப் படிக்கியளே" என்றான். அவன் பெண்டாட்டி ஏஞ்சலின் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த பேத்தி ஸ்டெபிக் குட்டியும் சேர்ந்து சிரித்தது. உன் மதினி போனதிலிருந்து இந்த வீட்டில் சிரிப்பு என்றால் அது இவர்கள் மூன்று பேர் சிரிப்புதான்.

அடுத்தது என்ன அனுப்பப்போகிறாய்?

ஆசீர்வாதத்துடன்,
அண்ணன் ரோச்


பெரம்பூர், சென்னை
20 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி பிளாரன்ஸின் தோத்திரம். உங்கள் கடிதம் வந்து இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். இடுப்பு உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. டாக்டர் இந்த வருஷம் முழுக்கப் பஸ்ஸும் ரயிலும் கூடாது என்று சொல்லிவிட்டார். மகள் வீட்டுப் பால்கனிதான் என் கடற்கரை. அதிலிருந்து பார்த்தால் துணி காய்கிற கொடிகள் தெரிகின்றன.

டாக்டரைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமை அடித்திருக்கிறீர்கள். முப்பது வருஷம் கிளை நூலகத்தில் குப்பை கொட்டியவள் நான். உங்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! "பாதியிலேயே கண்டுபிடிச்சுட்டேன் மேடம்" என்று சொல்லாத வாசகர் ஒருவர்கூட இல்லை. நான் யாருக்கும் ஒரு புத்தகத்தைக் கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். இன்னாருக்கு இது ஆகும், இன்னாருக்கு ஆகாது என்று தெரிந்து கொடுப்பேன். வீட்டில் சாவு விழுந்தவர் வந்தால் சாவில் முடிகிற கதையை எடுத்துக் கொடுக்க மாட்டேன். வேலை போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அனிஷ் மும்பையிலிருந்து கப்பல் ஏறுமுன் போன் செய்தான். "அத்த, இடுப்பு எப்பிடி இருக்கு? நான் வரும்போது துபாய்ல நல்ல வாக்கிங் ஸ்டிக்கு வாங்கிட்டு வாரேன்" என்றான். வயசானவளாக்கிவிட்டாயே என்று திட்டினேன். பிறகு உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். அப்பாவுக்குப் புத்தகம் வராத மாசத்தில் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறாராம், அத்தை தபாலை நிறுத்திவிடாதீர்கள் என்றான். நிறுத்துவேனா?

பர்மா போர்முனையைப் பற்றி ஒன்று வந்திருக்கிறது, அனுப்புகிறேன். அட்டையில் ஒரு யானை இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பிரியமுள்ள,
பிளாரன்ஸ்


மாதா துணை

திரேஸ்புரம்
10 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு மாதாவை மன்றாடுகிறேன். யானைப் புத்தகம் வந்தது.

படித்தேன். மழையும் சேறும் அட்டைப்பூச்சியுமாக நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். தரைப்படை சமாசாரம் நமக்கு ஒட்டவில்லை. நடுவில் வாசகசாலையிலிருந்து ஒரு திகில் கதையும் எடுத்து வந்தேன். நாலு அத்தியாயம் போனபிறகுதான் முன்பே படித்தது என்று தெரிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போர்க்காலத்தில் சரக்குக் கப்பல் ஆட்களைப் பிடித்துக் கொண்டுபோய் எங்கெங்கோ வைத்திருந்தார்கள் அல்லவா? அதைப் பற்றித் தமிழில் ஏதாவது வந்திருக்கிறதா? பிடித்தவர்கள் என்ன சாப்பாடு கொடுத்தார்கள், வீட்டுக்குத் தகவல் வர எத்தனை மாதம் ஆனது, ஆள் இல்லை என்று கம்பெனிக்காரன் எழுதியபிறகும் வந்தவர்கள் உண்டா, இதெல்லாம் விவரமாக இருக்க வேண்டும். அவசரம் ஒன்றும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான். சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

ஏஞ்சலினும் ஸ்டெபியும் சுகம். ஈஸ்டருக்குப் பலகாரம் ஒன்றும் செய்யவில்லை. வெயில் கடுமையாக இருக்கிறது. காற்று இல்லை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

அண்ணன் ரோச்


பெரம்பூர்
18 ஏப்ரல் 2024

என் அருமை அண்ணனுக்கு,

தோத்திரம். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் மாதமே ஏஞ்சலின் எனக்குப் போன் செய்துவிட்டாள். செங்கடலில் கப்பல்மேல் ஏவுகணை விழுந்ததும், எஞ்சின் ரூமில் தீப்பிடித்ததும், மற்ற எல்லோரும் உயிர்ப்படகில் இறங்கிப் பிழைத்துக்கொண்டதும், டூட்டியில் கீழே நின்ற அனிஷை மட்டும் காணவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கப்பல் அப்புறம் மூழ்கிப்போனதும் தெரியும். நீங்களே எழுதட்டும் என்று காத்திருந்தேன். அதற்குமுன் நான் எழுதி, உங்கள் வாயிலிருந்து வராத சொல்லை என் கையால் எழுதிவிடக் கூடாது என்று பயந்தேன். கடிதம் வந்ததும் பிரித்தேன். யானையும் சேறும் வெயிலும் எழுதியிருக்கிறீர்கள். அவன் பெயரே இல்லை.

அண்ணா, அழுதுவிட்டேன். மகள் ஓடிவந்து இடுப்பு வலியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். அவன் உங்களுக்கு ஒரே பிள்ளை. எனக்கும் அவன் பிள்ளைதான். உங்கள் பக்கத்தில் வந்து உட்காரக்கூட முடியாத இந்த உடம்பை என்ன சொல்வது?

நீங்கள் கேட்ட மாதிரி ஒன்று அனுப்புகிறேன். ஜப்பான்காரர்களின் முகாமில் இருந்த ஒரு மாலுமியின் கதை. நல்ல புத்தகம். பொறுமையாகப் படியுங்கள். சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

பிளாரன்ஸ்


மாதா துணை

திரேஸ்புரம்
6 மே 2024

அன்புத் தங்கச்சி பிளாரன்ஸுக்கு,

அண்ணன் எழுதுவது. சுகமாகத்தான் இருக்கிறேன், சாப்பிடுகிறேன். நீ அழ வேண்டாம். அழுகிறதற்கு இதில் ஒன்றும் இல்லை.

நான் எழுதாததற்குக் காரணம், எழுதுகிற அளவுக்கு விஷயம் தெளிவாகவில்லை என்பதுதான். இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது. கம்பெனிக்காரன் கடிதத்தில் "காணவில்லை" என்றுதான் இருக்கிறது. நான் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவன். பெரிய கப்பல் எஞ்சின் ரூமுக்கு வழக்கமான ஏணி தவிர, தப்பிக்கிறதற்கென்று தனியாக ஒரு குழாய்வழி உண்டு. அனிஷ் அதை எனக்குப் படம் போட்டே காட்டியிருக்கிறான். அதன்வழியாக ஏறி மேலே வந்திருப்பான். அதற்குள் உயிர்ப்படகு போயிருக்கும், கடலில் குதித்திருப்பான். அந்தக் கடலில் சின்னப் படகுக்காரர்கள் எப்போதும் சுற்றுகிறார்கள். தூக்கிக்கொண்டு போய் ஏதோ ஒரு கரையில் வைத்திருக்கிறார்கள். சண்டை நடக்கிற இடத்திலிருந்து தகவல் எப்படி வரும்?

முகாம் புத்தகத்தில் இதேதான். அந்த மாலுமி செத்துவிட்டான் என்று ஊரில் மணி அடித்து, கல்லில் பெயர் வெட்டி எல்லாம் முடித்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம் அவன் தெருமுனையில் வந்து நிற்கிறான். அவனைப் பெற்றவள் பார்த்துவிட்டு ஓடாமல், கத்தாமல், "சாப்பிட்டியா" என்று கேட்கிறாள். அந்தப் பக்கத்தை ஏஞ்சலினுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.

பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். அனிஷுக்கு ஒரு இறந்தோர் பூசை கொடுக்கலாமே என்று மெல்ல உதட்டை அசைத்தார். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குப் பூசை என்று கேட்டேன். நான் கேட்டது சத்தமாகத்தான் இருந்திருக்கும், தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

இந்த மாதிரி இன்னும் இருந்தால் அனுப்பு. எவ்வளவு இருந்தாலும் அனுப்பு.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணன் ரோச்


பெரம்பூர்
2 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். இங்கே மழை தூறுகிறது, வலி பரவாயில்லை. நீங்கள் சாப்பிடுவதாக எழுதியது மனசுக்கு ஆறுதல்.

இத்துடன் மூன்று புத்தகங்கள். ஒன்று, பனிப்பிரதேசத்தில் விமானம் விழுந்து படையினர் கைவிட்ட ஒருவனின் கதை. இன்னொன்று, கடலில் படகோடு காணாமல்போன கடற்படைச் சிப்பாய்கள். மூன்றாவது துப்பறியும் கதை, செத்ததாகச் சொன்ன தம்பியைத் தேடிப் போகிற அண்ணன் ஒருவனைப் பற்றியது. மூன்றும் உங்களுக்குப் பிடிக்கும்.

வேறு என்ன எழுத? மகள் அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறாள். பிறகு எழுதுகிறேன்.

பிளாரன்ஸ்


தூத்துக்குடி
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சித்திக்கு,

ஏஞ்சலின் வணக்கத்தோடு எழுதுகிறேன். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஸ்டெபியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இதைப் போனில் சொல்லியிருப்பேன். வீட்டில் பேசினால் மாமாவுக்குக் கேட்காதுதான், ஆனால் என் முகத்தைப் பார்த்தே என்ன பேசுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சித்தி, அந்தப் புத்தகங்களை இனிமேல் அனுப்பாதீர்கள்.

உங்கள் மனசு எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. ஆனால் மாமா அதை எனக்கு வாசித்துக் காட்டுகிறார். தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி வாசிக்கிறார். மீன் விற்க வருகிற பேச்சித்தாய் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏளா, ஒம் மாப்பிள்ள வந்துட்டானா? மாமா வாரான் வாரான்னு சத்தம் போடுதாகளே" என்று கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இல்லை அக்கா, அது கதை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

மாதா திருவிழாவுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று தெரியாமல் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கலர்ப் புடவை கட்டினால் அவளைப் பார் என்பார்கள். வெள்ளை கட்டினால் மாமா தாங்க மாட்டார். கடைசியில் கோயிலுக்கே போகவில்லை. என் வாழ்நாளில் மாதா சப்பரத்தைப் பார்க்காத வருஷம் இது ஒன்றுதான்.

ஸ்டெபி அப்பாவோடு கப்பலில் இருந்த பெனிஸ்டன் ஜூலையில் ஊருக்கு வந்தார். வீட்டுக்கும் வந்தார். மாமா அந்தக் குழாய்வழியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். பெனிஸ்டன் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "அந்த வழிக்கு மேலதான் மொதல்ல விழுந்துச்சு மதினி. நாங்க மேல நிக்கோம், கீழ சத்தம் ஒரு நிமிசம்கூட இல்ல. அவன் வரமாட்டான்" என்றார். மாமாவிடம் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. எனக்கும் இல்லை.

சித்தி, எனக்கு இன்னொரு கல்யாணமும் வேண்டாம், ஊர்ப் பேச்சும் முக்கியமில்லை. அவர் போய் அஞ்சு மாதம் ஆகிறது. அவருக்கென்று ஒரு பூசைகூட இல்லை. தெருநாய்க்குக்கூடக் குழி வெட்டுகிறோம். உத்தரிக்கிற ஸ்தலத்தில் மோட்சத்துக்குக் காத்திருக்கிற எல்லோருக்கும் அவரவர் வீட்டார் வேண்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் யாரும் இல்லாதவர் மாதிரி நிற்பாரே என்று நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நவம்பர் வருகிறது. கல்லறைத் திருநாள் பூசையில் செத்தவர்கள் பெயரையெல்லாம் வாசிப்பார்கள். நானே போய்ப் பெயர் கொடுத்துவிடலாம். ஆனால் பெற்றவர் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லும்போது நான் எப்படிக் கொடுப்பேன்? அது என் புருஷனை நானே கொல்வது மாதிரி.

மாமா உங்கள் பேச்சைத்தான் கேட்பார். எப்படியாவது சொல்லுங்கள்.

ஏஞ்சலின்


மாதா துணை

திரேஸ்புரம்
15 செப்டம்பர் 2024

தங்கச்சிக்கு,

உன் சுகத்தை அறிய எழுதுகிறேன். ஆகஸ்டில் புத்தகமும் இல்லை, கடிதமும் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் மகளை விட்டாவது இரண்டு வரி எழுதச் சொல்.

புதுசு ஒன்றும் வராததால் நீ அனுப்பியதையெல்லாம் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். முகாம் மாலுமி வீட்டுக்கு வருகிறான். பனியில் விழுந்தவன் நடந்தே வந்து சேருகிறான். படகுச் சிப்பாய்கள் கரை ஏறுகிறார்கள். துப்பறியும் கதையில் செத்தவன் சாகவே இல்லை, வேறு ஊரில் வேறு பேரில் இருக்கிறான், அண்ணன் கண்டுபிடித்துவிடுகிறான்.

எனக்குச் சந்தேகம் வந்தது. வாசகசாலைக்குப் போய் அங்கே இருக்கிற சண்டைப் புத்தகம், கடல் புத்தகம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். உன் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது பார். அவற்றில் யாரும் வரவில்லை. ஒன்றிரண்டில் ஒருவன் வருகிறான், அவனும் கூடப் போனவர்களை விட்டுவிட்டு வருகிறான். உலகத்தில் உள்ள புத்தகத்திலெல்லாம் போனவன் போனவன்தான். உன் கையால் வருகிற புத்தகத்தில் மட்டும் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஏளா, நீ பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறாய்.

நான் அவற்றைச் சாட்சி என்று நினைத்தேன். இத்தனை பேர் வந்திருக்கிறார்களே, நம் பிள்ளையும் வருவான் என்று ராத்திரி பகலாக மனசுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். நீ கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திய சாட்சிகள் அவை. வீட்டில் சாவு விழுந்தவருக்கு எந்தப் புத்தகம் ஆகாது என்று உனக்குத் தெரியும் அல்லவா? அப்படியானால் நீ அப்போதே என்னை அந்த வரிசையில் வைத்துவிட்டாய்.

உனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் எழுது.

ரோச்


பெரம்பூர்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத முடியாமல்தான் எழுதவில்லை.

நீங்கள் சொன்னது சரி. கடைகடையாகப் போன் போட்டு, மகளை அலையவிட்டு, கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆள் திரும்பி வந்தால் வாங்கு, வராவிட்டால் வேண்டாம் என்று சொன்னேன். முதல் புத்தகம் அனுப்பும்போது இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் நினைத்தேன். நீங்கள் தெம்பாக எழுதியதும் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. பாவி, உங்களுக்கு ஆறுதல் கொடுக்கிறேன் என்று அந்தப் பெண்ணை நட்டநடுவில் நிறுத்திவிட்டேன்.

இனி ஒளிக்கவில்லை. அனிஷ் வரமாட்டான் அண்ணா. பெனிஸ்டன் ஏஞ்சலினிடம் சொல்லிவிட்டான். அந்தக் குழாய்வழிமேல்தான் முதலில் விழுந்ததாம். அவனுக்கு வலிக்கிற நேரம்கூட இருந்திருக்காது என்றுதான் நான் மன்றாடுகிறேன்.

ஏஞ்சலின் உங்களிடம் கேட்கப் பயப்படுகிறாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கல்லறைத் திருநாளுக்கு அவன் பெயரை வாசிக்க வேண்டும். உங்கள் நம்பிக்கைக்கு அடங்கி அவன் ஆத்துமத்துக்கு ஒரு செபம்கூட இல்லாமல் இருக்கிறாள். மதினி பெயரை ஒரு வருஷம்கூட விடாமல் கொடுத்தவர் நீங்கள். அம்மா பெயர் வாசிக்கிற இடத்தில் பிள்ளை பெயர் இல்லாமல் போகலாமா? உயிரோடு இருந்தால் அந்தச் செபம் அவனுக்குக் கெடுதல் செய்யாது. இல்லாவிட்டால் அவனுக்கு அதைவிட்டால் வேறு ஒன்றும் இல்லை.

என்னைத் திட்டி எழுதினாலும் சரி. எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
பிளாரன்ஸ்


பெரம்பூர்
19 அக்டோபர் 2024

அண்ணா,

தோத்திரம். பதில் இல்லை. தினமும் தபால்காரர் நேரத்துக்குப் பால்கனியில் வந்து நிற்கிறேன். ஏஞ்சலினிடம் கேட்டால், "சித்தி, மாமா புத்தகத்த எல்லாம் கட்டி பரண்ல போட்டுட்டாக. கடலப் பாத்து உக்காந்திருக்காக" என்கிறாள்.

ஒரு வெற்றுத் தாளையாவது உறையில் போட்டு அனுப்புங்கள்.

பிளாரன்ஸ்


மாதா துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
4 நவம்பர் 2024

அன்புத் தங்கச்சி பிளாரன்ஸுக்கு,

அண்ணன் ரோச் எழுதுவது. உன் இடுப்புக்கும் மனசுக்கும் சுகம் கிடைக்கட்டும். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பெனிஸ்டன் சொன்னதை எழுதியிருந்தாய். அவன் சொன்னது எனக்கு அன்றைக்கே தெரியும். உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பேச்சு புரியும் என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்ல செய்தி சொல்கிறவன் எவனாவது முகத்தைத் திருப்புவானா? ஆனால் வாயால் கேட்கவில்லையே, காதால் கேட்கவில்லையே என்று பிடித்துக்கொண்டிருந்தேன். செவிடனுக்கு அது ஒரு சௌகரியம்.

அக்டோபரில் ஒருநாள் பரணில் போட்ட கட்டைப் பிரித்து அந்த நீர்மூழ்கிப் புத்தகத்தை எடுத்தேன். ஜனவரியில் ருசித்துப் படித்தேனே, அதுதான். "அன்றிரவு மேலும் நான்கு சரக்குக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன" என்று ஒரு வரி. அடுத்த வரியில் தளபதி என்ன திட்டம் போட்டார் என்று போகிறது. முதல் தடவை அந்த வரியில் நான் நிற்கவே இல்லை. இந்தத் தடவை அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நாலு கப்பலின் எஞ்சின் ரூமிலும் ஆள் இருந்திருப்பான். அவனுக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான். சண்டை யாருக்கும் யாருக்கும் என்றுகூட அந்த ஆளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. நம் பிள்ளைக்கும் தெரியாது. புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டு அழுதேன். எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது ஏஞ்சலின் தரையில் என் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

நான்தான் முதலில் சொன்னேன். "மக்கா, அவம் பேரக் குடுத்துருவோம்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏழு மாதமாக அவள் அழுததை நான் பார்த்ததில்லை. எனக்காக அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

மறுநாள் நானே கோயிலுக்குப் போனேன். பெயர் எழுதிக்கொள்கிற உபதேசியார் மனுவேல் ஒவ்வொரு வருஷமும் எழுதுகிற மாதிரி உன் மதினி பெயரை, மரியபுஷ்பம் என்று கேட்காமலே எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். அனிஷ் என்று சொன்னேன். எனக்கு என் குரல் கேட்காது, சரியாகச் சொன்னேனோ என்று மறுபடியும் சொன்னேன். அவர் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று ஏஞ்சலின் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டாள். நம் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு அவள் ஸ்டெபியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்து என் அருகில் உட்கார்ந்தாள். நான்தான் வரச் சொன்னேன். பெயர் வாசிப்பது எனக்குக் கேட்காது, உபதேசியாரும் தாளைப் பார்த்துக் குனிந்தே வாசிப்பார், உதடு தெரியாது. "அவம் பேரு வரும்போது எங் கையப் புடிச்சு அமுக்குளா" என்று சொல்லியிருந்தேன்.

ஊரில் இத்தனை பேர் செத்திருக்கிறார்களா என்று இருந்தது. அவர் வாசித்துக்கொண்டே போகிறார். ஒவ்வொரு பெயருக்கும் அங்கங்கே ஒருவர் தலை குனிகிறார். எனக்கு எல்லாம் நிசப்தம். என் கையைப் பெஞ்சுமேல் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஏஞ்சலின் அமுக்கினாள். நான் சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, இவ்வளவுதானா மகனே, ஆயிற்றா என்று கேட்டேன். ஒரு கல் இறங்கின மாதிரிகூட இருந்தது. எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போது அவள் மறுபடியும் அமுக்கினாள்.

பிளாரன்ஸ், முதலில் அமுக்கியது அவன் அம்மா மரியபுஷ்பம் பெயருக்கு. நான் அவளை மறந்தே போயிருந்தேன். இதுதான் அவன். இரண்டாவது தடவை பிடித்தவள் விடவே இல்லை. வாசித்து முடித்து, பூசை முடிந்து, சனம் எல்லாம் எழுந்து கல்லறைக்குப் போனபிறகும் விடவில்லை. நானும் இழுக்கவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணன் ரோச்